வெறும் தூக்குப்போசி

ஏங்கண்ணு, இந்தச் சீட்டுக்கு ஆளு வருதா? வரலியா? அப்பச் சித்தெ நவுந்துக்க. இந்தத் தூக்குப்போசியக் கீழ வெக்க முடியாது, மடியிலதான் வெச்சுக்கோணும். பஸ்ஸு ஒரு குலுக்குக் குலுக்குனா மூடி தெறிச்சுப் போகும். அப்பறம் உன்ற சீலையும் போச்சு, என்ற சீலையும் போச்சு.

என்ன பாக்கற? பஸ்ஸுல போறவளாட்டத் தெரியலியா? காரு இருக்குது கண்ணு. ரெண்டு இருக்குது. சர்வீசுக்கு உட்டிருக்குது. ரெண்டுமேதான். ஏன், ரெண்டு காரும் ஒரே நாள்ல சர்வீசுக்குப் போகக் கூடாதா?

நீ எங்க, பழனியா? நா அதுக்கு முன்னாடி மஞ்சக்காட்டுப்புதூர்ல எறங்கிக்குவேன். ஒரு மணி நேரம் பேசிக்கிட்டே போலாம். நீ பேசோணும்ங்கறதில்ல, நானே பேசிக்குவேன். எனக்கு முன்னாடி ஒருத்தரும் வாயத் தொறக்க முடியாதுன்னு எங்கூர்ல ஒரு பேச்சு இருக்குது. சும்மா சொல்றாங்க. தொறந்தா நா என்ன வேண்டாம்னா சொல்றேன்?

போறது எதுக்குன்னா, ஒரு ஆளை ஒரு கேள்வி கேக்கோணும். ஒரே கேள்வி. குடுத்த போசியை வெறுமனே திருப்பி வெச்சுட்டுப் போனயே, அது எந்த ஊரு நாயம்னு கேக்கோணும். கேட்டுப்போட்டு அடுத்த பஸ்ஸுக்கே திரும்பீருவேன். உங்க பக்கம் எப்படியோ கண்ணு, எங்க பக்கம் ஒருத்தரு வூட்டுல இருந்து போசி வந்தா வெறுமனே அனுப்ப மாட்டோம். ஒண்ணுமே இல்லீனாலும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாச்சும் போட்டுத்தான் குடுப்போம். அதுக்குப் பேருதான் மனுசத்தன்மை.

என்ற பேரு மரகதமணி. கருக்கம்பாளையத்துல எண்ணெய் மில்லு, எங்களுதுதான். எங்கூட்டுக்காரரு போயிப் பதினஞ்சு வருசமாச்சு. கொழந்தை குட்டி இல்ல. மில்லை வித்துப்போட்டு வூட்டோட வந்துருன்னு எங்க அண்ணன் சொன்னாரு. நா உடல. நாப்பது பேரு வேலை செய்யறாங்க, நா மொட்டை மாடியில நின்னு ஒரு சத்தம் போட்டா நாப்பது பேருக்கும் கேக்கும், பஸ் ஸ்டேண்டுல டீ குடிக்கறவனும் கிளாஸை வெச்சுப்போட்டுத் திரும்பிப் பாப்பான். களத்துல கொப்பரை காயுமில்ல, காக்காயும் அணிலும் வந்தடையும். காக்காயையும் தொரத்தோணும், நெழலைப் பாத்து ஒதுங்கற ஆளுங்களையும் தொரத்தோணும். காலையில ஏழு மணியிலிருந்து அதான் என்ற சோலி.

எங்கூரு செல்லாண்டியம்மன் கோயில் கோபுரத்துக்குத் திருப்பணி வந்துச்சு. அண்ணந்தான் கமிட்டித் தலைவரு, நாச்சிமுத்துன்னா சுத்துப்பட்டுல தெரியாத ஆளில்ல. பொம்மையெல்லாம் புதுசாச் செய்யறதுக்குக் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து ஒராளைக் கூட்டியாந்தாங்க. சுதை வேலை, வர்ணம் ரெண்டும் அந்தாளேதான். தங்கறதுக்கு என்ற வூட்டை ஒட்டியிருக்கற வூட்டை வாடகைக்குப் புடிச்சுக் குடுத்தாங்க. என்ற வூட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு காம்பவுண்டுச் செவுருதான். இடுப்பு ஒசரம்.

வந்த மொத நாளே செவுத்தோரம் நின்னு கேட்டேன், பக்கத்து வூட்டுக்கு ஆளு வந்தாக் கேக்கறது மொறைதான? "ஏனுங், உங்க பேரென்னங்?" செவுத்தைப் பாத்துச் சொல்றான், "ஏகாம்பரம்ங்க." செவுத்துக்குப் பேரு தெரிஞ்சு என்னாகப் போகுது?

"குடும்பமெல்லாம் ஊர்லீங்களா?"

"இல்லீங்க."

"பின்ன?"

"கல்யாணம் ஆகலீங்க."

"அதேனுங் ஆகல?"

செருப்புக் கட்டை விரலையே பாத்துட்டு நின்னுட்டு, "யாரும் கேக்கலீங்க"ன்னான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சொல்லு கண்ணு, ஆம்பளை போய்க் கேக்கறதா, அவனைப் போய்க் கேக்கறதா? எட்டுக் கையி சாமிக்கெல்லாம் கையி வெக்கறவனுக்கு வாயி இல்ல பாரு. எனக்கு இந்த மாதிரி ஆளுங்களையே புடிக்காது. கேட்டதுக்கு ஒரு வார்த்தை, கேக்காததுக்கு அதுவுமில்ல.

அந்தாளு மூணு வேளையும் டீயும் பன்னுமா ஓட்டிக்கிட்டு இருந்தான். கோயில் வேலை செய்யறவன் பட்டினி கெடந்தா ஊருக்குத்தான பாவம்? ஊருக்காகத்தான் நா ஒரு தூக்குப்போசியில சோறும் கொழம்பும் போட்டுச் செவுத்து மேல வெச்சேன். வேலைக்காரி கையில குடுத்தனுப்பலாம். ஆனா அவ சிந்திப்போடுவா. நானேதான் வெச்சேன், தெனமும். கோபுர வேலை முடியற வரைக்கும் கறி மீனு தொட மாட்டாராமா, வெரதம். அதனால சைவமாப் பாத்துச் செய்ய வேண்டியதாப் போச்சு. ஞாயித்துக்கெழமை கறிக்கொழம்பு இல்லாம எனக்குச் சோறு எறங்காது கண்ணு. அந்த எட்டு மாசம் நானும் தொடல. வெயிலு காலம், ஒடம்புக்குச் சூடு. ஆமா, அப்பறம் மழையும் பேஞ்சுது. மழைக்கும் ஆகாது.

மொத நாள் சாயங்காலம் போசி கழுவித் தொடச்சுச் செவுத்து மேல இருக்குது. தொறந்து பாக்கறேன், உள்ளுக்குள்ள ஒரு காயிதம் நாலா மடிச்சுக் கெடக்குது. பிரிச்சாப் பென்சில்ல ஒரு காக்கா. என்ற களத்துக் காக்கா! வாயில ஒரு கொப்பரைத் துண்டு. என்ற கொப்பரையத் திருடுனதும் இல்லாம படம் வேற. மறுநா கேட்டேன், "ஏனுங், இதென்னங்?" செவுத்துகிட்டச் சொன்னாரு, "பாத்திரத்தை வெறுமனே தரக் கூடாதுன்னு எங்க வீட்ல சொல்வாங்க. எங்கிட்ட வேற ஒண்ணும் இல்லீங்க."

அன்னியிலிருந்து தெனம் ஒண்ணு. எங்க நாயி வெயில்ல மல்லாந்து கெடக்கறது. மூட்டை மேல தூங்கற லாரி டிரைவரு, பாதித் தூக்கத்துல வாயைத் தொறந்துக்கிட்டு. பின்னாடி நிக்கற பப்பாளி மரம். எங்கூட்டுக்காரரோட பழைய சைக்கிளு, நா தூக்கிப் போட மனசில்லாம மூலையில சாத்தி வெச்சது, அதைக்கூட. வேண்டாத காயிதம். எதுக்கும் கெடக்கட்டும்னு பீரோவுல காட்டுப் பத்திரத்தோட வெச்சேன். எரநூத்தி நாப்பத்தி ஒண்ணு. எண்ணல கண்ணு. தேதி போட்டு அடுக்கி வெச்சா அதுவாத் தெரியுது.

ஆனா பாத்துக்க, அத்தனைலயும் ஒண்ணுல கூட நா இல்ல. எங்க நாயி இருக்குது, டிரைவரு இருக்கறான், தெனம் சோறு வெக்கறவ இல்ல. எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்ல, நாயத்துக்குச் சொல்றேன்.

இன்னொண்ணும் கேளு. ஊரே என்னைய அம்மாங்குது. சின்னவங்க அக்காங்கறாங்க. அவரு எட்டு மாசத்துல என்னைய ஒண்ணுஞ் சொல்லிக் கூப்பிட்டதில்ல. அம்மான்னு சொல்லல, அக்கான்னு சொல்லல, தங்கச்சின்னும் சொல்லல. மொட்டையா ஒரு "ங்க". மரியாதை தெரியாத மனுசன்.

என்ன சிரிக்கற? ஓ, முன்னாடி அந்தாளுன்னேன், இப்ப அவருங்கறேனா? வயசுல மூத்தவருக்கு மரியாதை குடுக்கோணுமில்ல. மூணு வருசம் மூத்தவரு. கேட்டேன், சொன்னாரு. செவுத்துகிட்ட.

சாயங்காலமானா அவரு அந்தப்பக்கம் உக்காந்து சுண்ணாம்பு குழைப்பாரு, நா இந்தப்பக்கம் நின்னு பேசுவேன். மில்லுல பெல்ட்டு அறுந்தது, ஆளு லீவு போட்டது, எங்க அண்ணன் பேசுனது, எங்கூட்டுக்காரரு போன பொறவு மொத ஆறு மாசம் நா எப்படி இருந்தேங்கறது, எல்லாத்தையும். அதெல்லாம் நா யாருகிட்டயும் சொன்னதில்ல. அவரு கேப்பாரு. குழைக்கற கையி மட்டும் சித்தெ நேரம் நிக்கும். அவ்வளவுதான். அந்த மாதிரி ஒராளோட எப்படிப் பேசறது, நீயே சொல்லு. ஒரு மணி நேரம் பேசுனா ஒரு "சரிங்க" வரும்.

இப்ப விசயத்துக்கு வாறேன்.

பொம்மைக்கெல்லாம் கண்ணைக் கடைசியிலதான் தொறப்பாங்க, தெரியுமில்ல? ஒடம்பு, நகை, வர்ணம் எல்லாம் முடிச்சுப்போட்டு, நல்ல நாளு பாத்துக் கண்ணெழுதுவாங்க. அது வரைக்கும் கோபுரத்தைச் சுத்தித் தென்னந்தடுக்குக் கட்டி மறைச்சிருப்பாங்க. கண்ணெழுதி முடிஞ்ச பொறவுதான் தடுக்கைப் பிரிக்கறது. கும்பாபிசேகத்துக்கு அஞ்சு நாளைக்கு முன்னாடி பிரிச்சாங்க. ஊரே கீழ நிக்குது. நானும் பட்டுச்சீலை கட்டிக்கிட்டு முன்னாடி நிக்கறேன், அண்ணந்தான கமிட்டி.

நடுவுல அம்மன். நல்லாத்தான் இருந்துச்சு, லட்சணமா. எல்லாரும் கையெடுத்துக் கும்புட்டாங்க. அம்மனுக்கு எடதுபக்கம் வாசக்காவலுக்கு ஒரு துவாரபாலகி. ஒரு கையில கதாயுதம், இன்னொரு கை வெரலை நீட்டி மெரட்டுது. முட்டைக் கண்ணு. வாயில ரெண்டு பக்கமும் கோரப்பல்லு.

மூஞ்சி என்ற மூஞ்சி.

ஆமா கண்ணு, நாந்தான்! காக்கா தொரத்துற நானேதான். எங்க களத்துல வேலை செய்யற சரசா, "அட, நம்ம மில்லம்மா!"ன்னா. அவ்வளவுதான், கூட்டம் மொத்தமும் சிரிச்சுப் போட்டுது. பூசாரியும் சிரிச்சாரு, துண்டுல வாயை மூடிக்கிட்டு.

எனக்கு வந்துச்சே ஆங்காரம். அவரு சாரத்துல இருந்து எறங்கி நிக்கறாரு, கையெல்லாம் வர்ணம். அத்தனை பேருக்கு முன்னாடியும் கேட்டேன், "ஏனுங், அந்த அம்மனுக்கு வெக்கறாப்ல ஒரு மூஞ்சி எனக்கு இல்லாமப் போச்சா?"

ஆமா, கோவத்துல அப்படித்தான் வந்துச்சு வாயில. எல்லாரும் என்னைய ஒரு மாதிரிப் பாத்தாங்க. எங்க அண்ணன் என்ற கையைப் புடிச்சு அக்கட்டால இழுத்தாரு. ஏன் இழுத்தாருன்னு எனக்கு இன்னைக்கும் புரியல. நா கேட்டதுல என்ன தப்பு?

அவரு அன்னைக்குத்தான் மொதத்தடவையா என்னைய நிமுந்து பாத்தாரு. பாத்துட்டு, மெதுவாச் சொன்னாரு. நா முன்னாடி நின்னதால எனக்குக் கேட்டுச்சு, மத்தவங்களுக்குக் கேக்கல. "அம்மன் முகம் எல்லாரும் செய்யறதுதாங்க. வாசல்ல நிக்கறவங்களைப் பாத்தா உள்ள போறவங்களுக்குத் தைரியம் வரணும். எனக்குத் தைரியம் வர்ற முகம் அது ஒண்ணுதாங்க."

பாத்தியா? என்னைய வாட்ச்மேனாக்கிப் போட்டாரு. நாப்பது பேருக்குச் சோறு போடறவளை வாசல்ல நிறுத்திப்போட்டு, அதுக்கு ஒரு சமாதானம் வேற. அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறே எறங்கல. அந்த வார்த்தையேதான் காதுல கேட்டுக்கிட்டு இருந்துச்சு. எத்தனை கோவம் இருந்திருந்தா ஒரு வார்த்தை அப்படிக் கேக்கும், நீயே சொல்லு.

அண்ணன் அந்த மூஞ்சிய உடனே ஒடச்சுப்போட்டு வேற வெக்கச் சொன்னாரு. பூசாரி முடியாதுன்னுட்டாரு. கண்ணு தொறந்தாச்சுங், இனி உளி படக் கூடாது, அடுத்த கும்பாபிசேகம் வரைக்கும் அப்படியேதான்னாரு. பன்னெண்டு வருசம்! பன்னெண்டு வருசத்துக்கு நா கோரப்பல்லோட நிக்கோணும். அப்பறம் பூசாரி இன்னொண்ணுஞ் சொன்னாரு. அம்மனுக்கு அன்னைக்கு விடியக்காலம் நல்ல நேரத்துல கண்ணெழுதுனாங்க. அவரு எனக்கு... அந்தப் பொம்மைக்கு, மூணு நாளைக்கு முன்னாடியே எழுதி முடிச்சுட்டாராமா. வெவரமான ஆளுதான். வாயில்லாத மாதிரி இருந்துக்கிட்டு.

அன்னைக்கு வூட்டுல அண்ணன் என்னையக் கேட்டாரு, "ஊரு என்ன பேசுதுன்னு தெரியுமா? எந்தூரு, எந்தச் சனம்னு தெரியாத ஒருத்தன். சோறு வெச்சது போதும், நிறுத்து." நிறுத்த மாட்டேன்னேன். ஊருக்காகத்தான வெக்கறேன்? பாதியில எப்படி நிறுத்தறது?

கும்பாபிசேகத்தன்னைக்குக் காலையிலயும் போசியச் செவுத்து மேல வெச்சுட்டுத்தான் கோயிலுக்குப் போனேன். தீர்த்தம் ஊத்தி முடிச்ச பொறவு, வேலை செஞ்சவங்களுக்கெல்லாம் மேளத்தோட மரியாதை பண்ணுவாங்க. வேட்டி போத்தி, மாலை போட்டு, மோதரம் போட்டு. கோபுரம் கட்டுனவருக்குத்தான் மொத மரியாதை, அதான் மொறை. மைக்குல அண்ணன் ஒவ்வொரு பேராப் படிக்கறாரு. பந்தல்காரரு, லைட்டுக்காரரு, பூக்காரரு, சமையக்காரரு. எல்லாரையும் கூப்பிட்டாச்சு. அவரு பேரு வரல. கூட்டத்துக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில கையில ஒரு பையோட நிக்கறாரு. ஊரே ஒரு தரம் திரும்பிப் பாத்துச்சு. அப்பறம் என்னையப் பாத்துச்சு.

எனக்கு மைக்கே வேண்டாம் கண்ணு. நா இருந்த எடத்துல இருந்தே "ஏகாம்பரம் எங்க?"ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா மேளம் நின்னிருக்கும். அண்ணன் கூப்பிட்டுத்தான் ஆகோணும். நா போடல. வாயத் தொறக்கல. எதுக்குத் தொறக்கோணும்? என்னையக் கோரப்பல்லோட நிறுத்துன ஆளுக்கு நா எதுக்குப் பேசோணும்?

...தொறந்திருக்கோணும். எனக்கே தெரியும். அண்ணன் என்ன நெனப்பாரு, ஒறம்பரைச் சனம் என்ன நெனக்கும்னு நின்னுட்டேன். தைரியம் வர்ற மூஞ்சின்னு ஒருத்தரு சொன்ன மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னேன். இத்தனை வருசம் கத்திக் கத்திச் சேத்த சத்தம் அந்த ஒரு நிமுசத்துக்கு ஆகல பாரு.

வூட்டுக்கு வந்தா அந்தூடு பூட்டியிருக்குது. செவுத்து மேல போசி இருக்குது, கழுவித் தொடச்சு. தொறந்து பாத்தேன். ஒண்ணுமில்ல. கவுத்துப் பாத்தேன். தட்டிப் பாத்தேன். மூடிக்குள்ள ஒட்டியிருக்குதான்னு பாத்தேன். செவுத்துக்கு அந்தப்பக்கம் காத்துல பறந்துருக்குமோன்னு எட்டி எட்டிப் பாத்தேன். வெறும் போசி கண்ணு. எட்டு மாசத்துல மொதத்தடவை.

அதைத்தான் கேக்கப் போறேன். வேறொண்ணுமில்ல.

அப்பறம் நாப்பத்தெட்டு நாளு மண்டல பூசை. என்ற மொட்டை மாடியில நின்னா அந்தப் பொம்மை நேரு எதுக்க, கையெட்டுற தூரம் மாதிரி. தெனம் காலையில நா இங்க வெரலை நீட்டறேன், அது அங்க நீட்டுது. ஒரு நா பாத்துக்கிட்டே இருக்கறேன், அதோட எடது கையி கதாயுதத்தைப் புடிச்சிருக்குது பாரு, சுண்டு வெரலு நுனி இல்ல.

இந்தா, பாரு என்ற வெரலை. மில்லுக்கு வந்த மொத வருசம் பெல்ட்டுல போயிருச்சு. யாருக்கும் தெரியாது. எப்பவும் முந்தாணிக்குள்ளதான் வெச்சிருப்பேன். எங்க அண்ணனுக்கே ஞாபகமிருக்காது. கீழ நின்னு பாத்தாக் கோபுரத்துலயும் தெரியாது, என்ற மாடியில இருந்து பாத்தாத்தான் தெரியும். எட்டு மாசம் என்னைய நிமுந்து பாக்காத மனுசன் இதை எப்பக் கண்ணு பாத்தாரு? பாத்திருக்கறாரு. காயிதத்துல ஒரு தரம் கூட வரையாம, எல்லாத்தையும் பாத்து வெச்சிருந்திருக்கறாரு.

போன வாரம் கோயிலுக்குப் போனா, சரசா வாசல்ல நின்னு மேல பாத்துக் கும்புட்டுக்கிட்டு இருக்கறா. புருசன் அடிக்கறவன், பாவம் அவ. "ஏண்டீ, என்னையவா கும்புடற?"ன்னேன். "உள்ள அம்மன்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடி இவங்ககிட்டச் சொல்லிட்டுப் போனா ஒரு தைரியமா இருக்குதுங்"ங்கறா. எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு. கற்பூரப் பொகை.

பூசாரிதான் சொன்னாரு, அவரு இப்ப மஞ்சக்காட்டுப்புதூர் கோயில்ல வேலை செய்யறாருன்னு. இன்னையோட முடியுதாமா. அடுத்த வாரம் மலேசியாவுக்குப் போறாராமா, அங்க ஒரு கோயிலு, மூணு வருசம். மூணு வருசம் கழிச்சு யாருகிட்டப் போயி நாயம் கேக்கறது? அதான் இன்னைக்கே கெளம்பீட்டேன். காரு சர்வீசுல இல்ல. ரெண்டும் ஷெட்டுலதான் நிக்குது. டிரைவருகிட்டச் சொன்னா அடுத்த நிமுசம் அண்ணனுக்குத் தெரியும். தெரிஞ்சா என்ன? தெரியட்டும். திரும்பி வந்து நானே சொல்லிக்குவேன். இப்பப் போகும்போது தெரிய வேண்டாம்னு பாத்தேன்.

போசியா? அரசாணிக்காப் புளிக்கொழம்பு. நாயம் கேக்கப் போறவ சோறு எதுக்குக் கொண்டுக்கிட்டுப் போறன்னு கேக்கறயா? பசியோட இருக்கற மனுசங்கிட்ட எப்படிக் கேக்கறது? மொதல்ல சாப்புடட்டும். சாப்புட்டுப் போசியைக் கழுவித் தருவாரில்ல, அப்பக் கேப்பேன். ஏனுங், அன்னைக்கு ஏன் வெறுமனே வெச்சீங்கன்னு கேப்பேன். அதுக்குச் செருப்பைப் பாத்துக்கிட்டு நிப்பாரு. நின்னா, இன்னொண்ணையுங் கேட்டுருவேன். யாரும் கேக்கலீன்னு ஒரு நா சொன்னாருன்னேனில்ல, அதை. ஒரு கேள்விதான்னு சொன்னேன், ரெண்டாப் போச்சு. போனாப் போகுது.

அந்தா, அந்தக் கோபுரந்தான்னு நெனக்கறேன். சாரம் கட்டியிருக்குது பாரு. மேல ஒராளு நிக்குது. இத்தனை தூரத்துல தெரியாது. ஆனா அந்த நிக்கற வாகு... தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

கண்ணு, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு. கண்டக்டரு முன்னாடி நிக்கறான், ஸ்டாப்பு தாண்டீரும் போல இருக்குது. சித்தெ நிறுத்தச் சொல்லு. நீ சொல்லு சாமி. எனக்குச் சத்தமே வர மாட்டேங்குது.